முக்காடு போட்ட கம்ப்யூட்டர்

தன் காது சரியாகக் கேட்கவில்லை என்பதை மனைவியிடம் சொல்வதா, கம்ப்யூட்டரிடம் சொல்வதா என்று மண்டையைக் குழப்பிக்கொண்ட மாத்திரைக்காரர், கடைசியில் கம்ப்யூட்டரையே தேர்ந்தெடுத்தார். அது சிரிக்காது. அதற்கு அப்பாவும் கிடையாது.

மனைவிக்கு அப்பா உண்டு. அவர் காதில் மிஷின் மாட்டியவர். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், மாமனார் தலையைச் சாய்த்து “என்ன? என்ன?” என்று கேட்பதை அச்சு அசலாக நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவர் இதே மாத்திரைக்காரர்தான். அன்றைக்கெல்லாம் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் அவருடைய மனைவி. அவள் இதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

“நான் சொல்றது உங்க காதுல விழுதா இல்லையா?” என்று அவள் தினமும் கேட்பாள்.

‘விழவில்லை’ என்று உண்மையைச் சொன்னால் செவிடர் ஆகிவிடுவார். ‘விழுது’ என்று பொய் சொன்னால் வெறும் புருஷனாகவே இருந்துவிடலாம். அவர் புருஷனாகவே இருந்து வந்தார்.

கடையில்தான் நிலைமை மோசம். தெரு முனை மருந்துக்கடையில் பல வருஷமாகக் கவுண்டரில் நிற்பவர் அவர். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மாத்திரைக்காரர் என்றால்தான் தெரியும். போன வாரம் நல்ல உடம்போடு ஒருவர் வந்து கவுண்டரில் சாய்ந்து, “இருமலுக்கு ஏதாவது குடுங்க” என்றார்.

“பருமனுக்கெல்லாம் மருந்து கிடையாது சார். தினம் நடங்க. ராத்திரி சாப்பாட்டைக் குறைங்க” என்றார் மாத்திரைக்காரர், உண்மையான அக்கறையோடு.

வந்தவர் இரண்டு முறை இருமிக் காட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஆள் போனது பெரிதில்லை. ஓர் எழுத்தில் மாறிவிடுகிற மருந்துப் பெயர்கள் அலமாரி முழுக்க இருந்தன. சீட்டு இல்லாமல் வாயால் கேட்கிறவர்களுக்கு என்றைக்காவது ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிட்டால்? முதலாளியம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கக் குடோனில் அட்டைப்பெட்டி பிரிக்கப் போட்டுவிடுவாள். அட்டைப்பெட்டிகள் ‘மாத்திரைக்காரரே, சௌக்கியமா?’ என்று கேட்கப்போவதில்லை.

ஆகவே யாருக்கும் தெரியாமல் விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் அவன். கேள்வி முடியும்வரை காத்திருக்கிற பழக்கம்தான் கிடையாது.

“அத்தான், நெட்ல நீங்க எதைத் தேடினாலும் நாலு பேருக்குத் தெரிஞ்சுடும். செருப்புன்னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, ஒரு மாசத்துக்குச் செருப்பு உங்க பின்னாலயே வரும். அதுக்குத்தான் முக்காடுன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு.”

“எந்தக் காடு?”

“காடு இல்ல அத்தான், முக்காடு. தலைல போட்டுக்கறது. ஆமா, அப்படி என்ன ரகசியம்?”

“ஆபீஸ் விஷயம்.”

“மருந்துக்கடைக்கு ஏது ஆபீஸ்?”

“கடை விஷயம்னு வெச்சுக்கோயேன்.”

மச்சினன் கண்ணடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். லேப்டாப் கம்ப்யூட்டர் ஹால் மேஜையில் இருந்தது. இந்தப் பக்கம் சமையலறை. அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலைத் தாண்டி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டரின் பால்கனி. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பால்கனியில்தான் குடியிருந்தார்.

முக்காடு ஏறி உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேட்டது: ‘இனி நான் எந்த பிரௌசரைத் திறக்க வேண்டும்?’

“இது என்ன கேள்வி?” என்றார் மாத்திரைக்காரர்.

“முக்காடு மறைக்க மட்டும்தான் செய்யும் அத்தான். நெட்டுக்குள்ள போறதுக்கு ஒரு கதவு வேணும் இல்லையா? அதுதான் பிரௌசர். உங்க கம்ப்யூட்டர்ல மூணு இருக்கு. நீலம், பச்சை, கறுப்பு. வீட்டு மனுஷங்க வழக்கமா எந்தக் கதவு வழியா போறாங்களோ அதையே திறக்கறதுதான் மரியாதை. உங்க வீட்டுக்கு நீலம். முடிஞ்சுது.”

அவன் போனதும் மாத்திரைக்காரர் முக்காட்டைத் தட்டினார். ‘முக்காடு போட்டாச்சு!’ என்று ஒரு பெட்டி வந்து போனது. நீலம் திறந்தது. அவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து, ‘காது மந்தமாக இருக்கிறது. என்ன செய்வது?’ என்று அடித்தார். சமையலறையில் மனைவி ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்மத்துக்கும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்ற நிம்மதியில் கொஞ்ச நேரம் படித்தார்.

மறுநாள் காலை, மனைவி அவருக்கு நேர் எதிரே வந்து நின்று, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, “காப்பி... குடிக்கிறீங்களா?” என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்டது. காதே சரியாகிவிட்டதோ என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டார். அடுத்த நொடி சந்தேகம் வந்தது.

“ஏன் இப்படிக் கத்தறே?”

“நானா? எப்பவும் போலத்தானே... பேசறேன்!” என்று ஜன்னல் கண்ணாடி அதிரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாத்திரைக்காரர் கடைக்குப் போகும் வழியிலேயே மச்சினனுக்குப் போன் போட்டு, மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றார்.

“நீலத்துல அக்காவும் ஸ்வெட்டர் பின்ற வீடியோ பார்ப்பாளா?”

“தினமும் பார்ப்பா.”

“அப்ப நீலம்தான் போட்டுக்கொடுத்திருக்கு. அக்கா போனும் அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அத்தான். வழக்கமான கதவுலதான் எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. யாரும் போகாத கதவைத் திறக்கணும். பச்சை!”

“வழக்கமான கதவுதான் மரியாதைன்னு நீதானே சொன்னே?”

“மரியாதை வேற, ரகசியம் வேற.”

அன்று சாயங்காலம் பச்சை திறந்தது. இதில் யாருமே நுழைந்ததில்லை. புது வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது. மாத்திரைக்காரர் தைரியமாக, ‘பார்த்தால் வெளியே தெரியாத காது மிஷின்’ என்று அடித்தார். குண்டுமணி அளவில் ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒன்று என்று படம் படமாக வந்தது. மாமனார் மாட்டியிருக்கிற வெண்டைக்காய் மாதிரி இல்லை.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால், பால்கனியிலிருந்து ஹெட்மாஸ்டர் குரல் கொடுத்தார். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் அது.

“சார்! வெளியே தெரியாத மாதிரிதான் வேணும்னா உள்ளுக்குள்ளயே வைக்கிறது நல்லது. என் சம்பந்தி அதைத்தான் வெச்சிருக்கார். சொல்லலைன்னா எனக்கே தெரியாது!”

மாத்திரைக்காரருக்கு உள்ளங்கால்வரை வேர்த்துவிட்டது. “எதைச் சொல்றீங்க சார்?”

“எதைச் சொல்றேனா? சரி சரி, ஒண்ணும் சொல்லலை. நீங்க கிளம்புங்க” என்று பெரிய மனுஷத்தனமாகச் சிரித்துவிட்டு ஹெட்மாஸ்டர் பேப்பருக்குள் மறைந்தார்.

மச்சினன் போனிலேயே துப்பறிந்துவிட்டான். “அத்தான், உங்க வைஃபை பாஸ்வேர்டை அவருக்குக் குடுத்திருக்கீங்களா?”

“செஸ் ஆடணும்னு கேட்டார். குடுத்தேன்.”

“செஸ்ஸா? உங்க வீட்டையே பார்த்துக்கிட்டிருக்கார்! முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க.”

மாற்றினார். ஹெட்மாஸ்டர் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரை நாலு நாளாக மடக்கி, ஜெயிக்கிற தறுவாயில் இருந்தவர், பாதி ஆட்டத்தில் அந்தரத்தில் தொங்கினார். அதோடு மாத்திரைக்காரரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். புதுப் பாஸ்வேர்டை மனைவியிடம் சொல்லவும் மாத்திரைக்காரர் மறந்துபோனார். அவளுடைய ஸ்வெட்டர் இடது கையோடு நின்றுபோனது.

“நெட்டு வரலைங்க!” என்று அவள் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“காதுல விழுது!” என்று அவரும் கத்தினார். உண்மையாகவே விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் நேரில் வந்தான், தாடையைத் தடவினான், யோசித்தான். “தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் அத்தான். யாரைக் கேட்டுக்கிட்டு இது பச்சையைத் திறந்துச்சு? நம்ம வீட்டுக் கதவை நம்மளைக் கேட்காம திறக்கலாமா? ஒவ்வொரு தடவையும் கேட்கணும். அந்த செட்டிங் இருக்கு.”

அந்த செட்டிங்கைப் போட்ட பிறகு முக்காடு கேட்க ஆரம்பித்தது. எந்த பிரௌசர் வேண்டும்? கறுப்பா? நிச்சயமாகவா? இந்த முறை மட்டுமா? இந்தப் பதிலை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவா? ஞாபகம் வைத்துக்கொள்வது உங்கள் ரகசியத்துக்கு நல்லதல்ல, மறந்துவிடட்டுமா? எதை மறக்க வேண்டும்? அவருக்குக் கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார் கேட்ட கேள்விகள்கூட இவ்வளவு இல்லை.

வீடே வேண்டாம் என்று கடைக் கம்ப்யூட்டரிலும் முக்காட்டை ஏற்றினார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம். முதலாளியம்மா அலமாரிக்குப் பின்னால் காலாவதியான டானிக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முக்காட்டின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்து, ஒருவழியாகக் கறுப்பு திறந்ததும், ‘காது கேட்காதவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கலாமா?’ என்று அடித்தார்.

அலமாரிக்குப் பின்னால் ஒரு பாட்டில் விழுந்து உடைந்தது. அது அவருக்குத் தெரியாது. தரையில் டானிக் ஓடி வந்து காலை நனைத்தபோதுதான் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னாள். “நாளையிலேருந்து கவுண்டர்ல ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கேன்.”

“என்ன போர்டும்மா?”

“‘தயவுசெய்து சத்தமாகப் பேசவும்’னு. பொதுவா எல்லாருக்கும் நல்லதுதானே?”

போர்டு வந்தது. மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சத்தமாகச் சொல்ல முடியாத சமாசாரத்துக்காகத்தான் வருகிறவர்கள். மூலத்துக்குக் களிம்பு வாங்க வந்த ஓர் இளைஞன் போர்டைப் படித்தான், பின்னால் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தான், பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் வந்து இன்னொரு பிரஷ் வாங்கினான். அவனுடைய அவஸ்தையைப் பார்த்து மாத்திரைக்காரருக்குக் கண் கலங்கியது. இதற்கெல்லாம் காரணம் தன் காது. அதைவிடப் பெரிய காரணம் அந்தக் கறுப்பு பிரௌசர்.

“கடைக்கே தெரிஞ்சுபோச்சுடா!” என்று மச்சினனிடம் அழாத குறையாகச் சொன்னார். அவசரத்தில் ‘என்ன’ தெரிந்துபோனது என்று மட்டும் சொல்லவில்லை. மச்சினனும் கேட்கவில்லை. அவனுக்கு நோய் முக்கியமில்லை, வைத்தியம்தான் முக்கியம்.

“கேள்வி கேட்டதுதான் தப்பு அத்தான். நீங்க பதில் சொல்லச் சொல்ல அது உங்களைப் புரிஞ்சுக்குது. தினம் ஒரே கடைல டீ குடிச்சா, கடைக்காரன் நாம கேட்கறதுக்கு முன்னாடியே சர்க்கரையைக் குறைப்பான் இல்ல? அந்த மாதிரி. இனிமே பிரௌசரை முக்காடே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்தது எதுன்னு அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாததை யாரு கண்டுபிடிக்க முடியும்?”

அன்றிலிருந்து முக்காடு தன் இஷ்டத்துக்கு ஆடியது. நீலத்தைத் திறந்து, பாதியில் மூடி, பச்சையைத் திறந்தது. பச்சையில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் கறுப்புக்குத் தாவியது. மாத்திரைக்காரர் ஒரே கட்டுரையின் தலையை ஒன்றிலும் வாலை இன்னொன்றிலும் படித்து, காதுக்கு என்று சொல்லியிருந்த பயிற்சியை முழங்காலுக்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் செய்தார். முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

இதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போர்டைப் பார்த்துப் பார்த்து அவமானப்படுவதைவிட, யாருக்கும் ஆபத்து வராமல், தானே கவுரவமாக விலகிக்கொள்வது நல்லது. சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து, திறந்த பிரௌசர் என்ன நிறம் என்றுகூடப் பார்க்காமல், ‘வேலையை விடுவதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது?’ என்று அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சினன் ஓடி வந்தான். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

“அத்தான், வேலையை விடப்போறீங்களாமே! அக்கா போன்ல அழறா!”

பின்னாலேயே, பேசாவிரதத்தை உடைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர். “சார், அவசரப்படாதீங்க. பாஸ்வேர்டு விஷயத்தை நான் மறந்துட்டேன். காது போனா என்ன, கை கால் இருக்கே!”

“காதா? யார் காது?” என்றான் மச்சினன்.

சமையலறை வாசலில் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தாமல் நின்றதுதான் மாத்திரைக்காரரை என்னவோ செய்தது.

அவருக்கு வந்த கோபம் முழுவதும் முக்காட்டின் மேல் திரும்பியது. கம்ப்யூட்டரையும் போனையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலை மூடினார். திரையை இழுத்துவிட்டார். முக்காட்டின் உதவி மையத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைக் கடைசிவரை கூட்டிக் காதருகில் வைத்துக்கொண்டார்.

“வணக்கம் சார், முக்காடு உதவி மையம்” என்றது ஒரு பெண் குரல்.

“முக்காடாம் முக்காடு! என் மானத்தை நடுத்தெருவுல போட்டு உடைச்சுட்டீங்களேம்மா! நீலம் என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுச்சு. பச்சை பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுச்சு. கறுப்பு என் முதலாளியம்மாகிட்டயே போய்ச் சொல்லிடுச்சு. நீங்களே தேர்ந்தெடுங்கன்னு விட்டேன், ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்க!”

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். சில கேள்விகள் கேட்டாள். இடையில் அவளுடைய கீபோர்டு தட்டுகிற சத்தம்.

“சார், உங்க கம்ப்யூட்டர்லேருந்து எந்த பிரௌசர் வழியாவும் யாருக்கும் எதுவும் போகலை. எதைத் திறந்தாலும் முக்காடு ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு.”

“அப்ப எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுதாம்?”

“ஒண்ணு பண்ணலாமா சார்? நான் லைன்லயே இருக்கேன். நீங்க இப்ப ஏதாவது தேடிப் பாருங்க. என்ன தேடறீங்கன்னு எங்கிட்ட சொல்லவேண்டாம். யாருக்கும் தெரியாத விஷயமா இருந்தா நல்லது.”

யாருக்கும் தெரியாத விஷயம். மாத்திரைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த பிரௌசரோ ஒன்று திறந்து காலிப் பெட்டியோடு காத்திருந்தது. கோபம் மெல்ல வடிந்து, அடியில் கிடந்த ஒன்று மேலே வந்தது. போர்டு, குடோன், மாமனார் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அது. ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

‘விளக்கை அணைத்த பிறகு என் மனைவி மெதுவாக ஏதோ பேசுகிறாள். முன்பெல்லாம் கேட்கும். இப்போது கேட்பதில்லை. தூங்கிவிட்ட மாதிரி நடிக்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.’

அடித்து முடித்துவிட்டு, தேடு பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார். அதற்குள் ஏதோ அசைவது தெரிந்து நிமிர்ந்தார்.

சாத்திய கதவு திறந்திருந்தது. மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத ஒரு சிரிப்பும் அதற்குள் இருந்தது. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நுரையோடு அவருடைய காதைத் தொட்டாள்.

மாத்திரைக்காரர் ஆடிப்போய்ப் போனைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

“பார்த்தீங்களாம்மா! பார்த்தீங்களா உங்க முக்காட்டோட லட்சணத்தை! நான் இன்னும் தேடு பட்டனைத் தட்டக்கூட இல்லை, அதுக்குள்ள இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு!”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், அவருக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

“சார், எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சத்தமா படிச்சுக்கிட்டேதான் அடிக்கிறீங்க.”